விதையில்லாத பூ: ஹிகன்பனா பற்றிச் சில குறிப்புகள்

போன செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மலைப்பக்கம் நடக்கப் போயிருந்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஜப்பானுக்கு நான் வந்த நாளிலிருந்து மரம், செடி, பறவை எதுவானாலும் எனக்குப் பெயர் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். ஒரு சுகி மரத் தோப்பைச் சுற்றிக்கொண்டு பாதை வளையும் இடத்தில், புதருக்குள் ரத்தச் சிவப்பில் பூக்கள் தெரிந்தன. காட்டுப் பூ என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தானே இருக்கணும்? இவை நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன. நடுவில் சில இடங்களில் வரிசை விட்டுப்போயிருந்தது. ஆனாலும் அது ஒரு கோடு என்பதில் சந்தேகமே இல்லை.

"காட்டுல பூ இவ்வளவு ஒழுங்காவா வரும்?" என்று கேட்டேன்.

"இது காட்டுப் பூ இல்லை. இங்க வயல் இருந்திருக்கு. அதோட வரப்பு இது" என்றார் அவர்.

கிட்டே போய்ப் பார்த்தால் உண்மைதான். இலைக்குப்பையைக் காலால் ஒதுக்கினதும் கீழே கல் அடுக்கிக் கட்டிய தாங்குசுவர் தெரிந்தது. படிவயலின் ஒரு படி. நெல் போய், களை வந்து, பிறகு யாரோ மரம் நட்டு, அந்த மரமும் இப்போது தலைக்கு மேலே போய்விட்டது. வயல் இருந்ததற்கு அடையாளமாக அந்தச் சுவரும் இந்தப் பூவும்தான் மிச்சம்.

அன்றிலிருந்து இந்தப் பூவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில், எந்தப் பூ இது?

ஜப்பானியப் பெயர் ஹிகன்பனா. தாவரவியல் பெயர் லைகோரிஸ் ரேடியாட்டா. அனிமே பார்க்கிறவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். யாராவது சாகப் போகிறார்கள் என்றால் திரையில் இந்தச் சிவப்புப் பூ வந்துவிடும். 'டீமன் ஸ்லேயர்' கதையில் வில்லன் தேடி அலைகிற நீலப் பூ இதன் கற்பனை வடிவம்தான். அதனால் இணையத்தில் இதற்கு 'சாவுப் பூ' என்றே பெயர் வந்துவிட்டது.

பார்க்க எப்படி இருக்கும்? முழங்கால் உயரத்துக்கு ஒரு பச்சைத் தண்டு. அதில் இலை என்று ஒன்றுகூட இருக்காது. தண்டின் உச்சியில் ஐந்தாறு பூக்கள் வட்டமாகச் சேர்ந்து ஒரே பூ போலத் தெரியும். இதழ்கள் பின்னால் சுருண்டிருக்கும். மகரந்தத் தாள்கள் இதழைவிட நீளமாக, சிலந்திக் கால் மாதிரி வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பையும் சுருண்ட இதழையும் பார்த்ததும் நம்மில் பலருக்குச் செங்காந்தள் ஞாபகம் வரும். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. நம் பக்கத்தில் இதன் சொந்தக்காரர்கள் விஷமூங்கிலும், மழை பெய்த மறுநாள் தரையில் பூக்கும் மழை லில்லியும்தான். எல்லாம் வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து வருகிற ஒரே குடும்பம்.

இலையும் பூவும் சந்திப்பதில்லை

இதன் ஒரு வருஷத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

செப்டம்பர் பாதி கடந்து மண்ணின் சூடு குறையத் தொடங்கியதும், வெறும் தரையிலிருந்து தண்டு கிளம்பும். வேகம் ஆச்சரியமானது. போன வாரம் ஒன்றுமே இல்லாத இடத்தில் இந்த வாரம் பூ நிற்கும். ஒரு வாரம், பத்து நாள் பூத்துவிட்டு வாடிப்போகும். அதன்பிறகுதான், அக்டோபரில், இலை வரும். நீளமான, கரும்பச்சை நிற, புல் மாதிரியான இலை. மற்ற மரங்கள் இலை உதிர்க்கும் நேரத்தில் இது இலை விடுகிறது. மற்ற புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும் குளிர்காலம் முழுக்க, போட்டியில்லாத வெயிலைக் குடித்து, கிழங்கில் சத்தைச் சேமிக்கிறது. மே மாத வாக்கில் இலை காய்ந்துவிடும். மண்ணுக்கு மேலே பார்த்தால் செடி செத்துப்போன மாதிரி இருக்கும். ஆனால் ஏறக்குறைய அதே சமயத்தில் கிழங்குக்குள் அடுத்த பூவுக்கான மொட்டு உருவாகத் தொடங்கிவிடுகிறது. கோடை முழுக்க அது மண்ணுக்குள் காத்திருக்கும்.

ஆகவே பூ இருக்கும்போது இலை இல்லை. இலை இருக்கும்போது பூ இல்லை. 'இலை பூவைப் பார்க்காது, பூ இலையைப் பார்க்காது' என்று இதைச் சொல்வார்கள். அப்படியே ஒரு வட்டாரப் பெயரும் இதற்கு உண்டு.

பெயர்களைப் பற்றிச் சொல்லணும். இந்த ஒரு செடிக்கு ஜப்பானில் நூற்றுக்கணக்கான வட்டாரப் பெயர்கள். பிணப் பூ, நரகப் பூ, பேய்ப் பூ. இலை இல்லாமல் தனியாக நிற்பதால் கைவிட்ட பிள்ளைப் பூ. நரியின் தீப்பந்தம் என்று ஒன்று. தீவிபத்துப் பூ என்று இன்னொன்று. இதைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் வீடு பற்றி எரியும் என்பது பலவிடங்களில் நம்பிக்கை. பெரியவருடைய அம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் ஒரு கைப்பிடி பறித்து வந்ததற்கு, வாசலிலேயே நிறுத்தி, தூக்கியெறியச் சொல்லி, கையைக் கழுவவைத்த பிறகுதான் உள்ளே விட்டாராம்.

கையைக் கழுவவைத்ததில் காரணம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இத்தனை திட்டுப் பெயர்களுக்கு நடுவே ஒரு நல்ல பெயரும் உண்டு: மஞ்சுஷகே. சமஸ்கிருத 'மஞ்சுஷகா'வின் ஜப்பானிய உச்சரிப்பு. தாமரைச் சூத்திரத்தில் புத்தர் மீது வானத்திலிருந்து பொழிகிற பூக்களில் மந்தாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது இது. ஒரே பூ, ஒரு பெயரில் நரகத்திலிருந்தும் இன்னொரு பெயரில் வானத்திலிருந்தும் வருகிறது.

அக்கரை

ஹிகன் என்றால் 'அந்தக் கரை'. நம் பேச்சில் சொன்னால் அக்கரை. பிறப்பு இறப்பு என்கிற ஆற்றின் இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் விடுதலை. இது பௌத்தத்தின் பழைய உவமை. 'பாரமிதை' என்ற சொல்லிலிருந்து சீன மொழி வழியாக ஜப்பானுக்குப் போனது. பனா என்பது ஹனா, அதாவது பூ. அக்கரைப் பூ.

ஆனால் சாதாரணப் பேச்சில் ஹிகன் என்றால் ஒரு வாரம். வருஷத்தில் இரண்டு முறை, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளை நடுவில் வைத்து, முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள், ஆக ஏழு நாள். இலையுதிர் காலத்து ஹிகனின் நடுநாள் செப்டம்பர் 22 அல்லது 23-இல் வரும். அன்று தேசிய விடுமுறை. 1948-இல் வந்த விடுமுறைச் சட்டம் இந்த நாளின் நோக்கத்தை முன்னோரை மதிப்பது, மறைந்தவர்களை நினைப்பது என்றே சொல்கிறது.

ஏன் அந்த நாள்? அன்று சூரியன் நேர் மேற்கே மறைகிறது. அமிதாபரின் சுகாவதி மேற்கே இருப்பதாக நம்புகிறவர்களுக்கு, வருஷத்தில் இந்த இரண்டு நாளும் அஸ்தமனமே திசை காட்டுகிறது. இந்த வழக்கம் பழையது. 806-ஆம் ஆண்டிலேயே மாகாண மடாலயங்களில் வசந்தத்தில் ஏழு நாள், இலையுதிர் காலத்தில் ஏழு நாள் சூத்திரம் ஓத அரசாணை வந்திருக்கிறது. பழி சுமத்தப்பட்டு, நாடு கடத்தப்படும் வழியில் இறந்துபோன சவாரா என்ற இளவரசரின் ஆன்மா சாந்தியடைவதற்காக. பௌத்தம் பரவிய மற்ற நாடுகளில் இப்படிச் சமபகலிரவு நாளையொட்டி ஒரு வாரம் கொண்டாடும் வழக்கம் இல்லை. இது ஜப்பானியர்களுடையது.

அந்த வாரத்தில் குடும்பமாகக் கல்லறைக்குப் போவார்கள். களை பிடுங்கி, கல்லின் மேல் நீர் வார்த்துக் கழுவி, பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றுவார்கள். 'ஓஹாகி' என்ற இனிப்பு படைப்பார்கள். பசையரிசியை வேகவைத்துப் பாதி மசித்து உருட்டி, அதன்மேல் இனித்த சிவப்புப் பயறு விழுதைப் பூசியது. நம் கொழுக்கட்டையைப் புரட்டிப் போட்ட மாதிரி: மாவு உள்ளே, பூரணம் வெளியே. ஹாகி என்பது இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒரு புதர்ச் செடி. இதே இனிப்பு வசந்த ஹிகனில் 'போதாமோச்சி' ஆகிவிடும். போதான் என்பது வசந்த காலத்துப் பூவான பியோனி. பூ மாறினால் பலகாரத்தின் பெயரும் மாறும்.

'வெயிலும் குளிரும் ஹிகன் வரைக்கும்தான்' என்று ஒரு பழமொழி எல்லோர் வாயிலும் வரும். அதாவது நாள்காட்டி, பருவநிலை, பூ, முன்னோர் நினைவு நான்கும் ஒரே வாரத்தில் வந்து சேரும் என்பது ஒரு ஏற்பாடு. மற்ற மூன்றும் தங்கள் பாட்டுக்கு வருகின்றன. பூ எப்படித் தேதி தவறாமல் வந்தது? அதுவும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில்?

வாழைக்கும் இதற்கும் ஒரே கணக்கு

பதில் நமக்குத் தெரிந்த ஒரு மரத்தில் இருக்கிறது. வாழை.

பூவன், நேந்திரன் போன்ற வாழைகளில் ஏன் விதை இல்லை? சாதாரணமாக ஒரு செடியின் செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. விதை உண்டாக வேண்டுமென்றால் இவை ஜோடி சேர்ந்து, சரிபாதியாகப் பிரியணும். நாம் சாப்பிடும் பெரும்பாலான வாழைகளில் தொகுதி மூன்று. பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி, மொத்தம் 33. மூன்று பேரை ஜோடி சேர்க்க முடியாதில்லையா? அதனால் விதை பிடிப்பதில்லை. பக்கக் கன்று எடுத்து நட்டால்தான் உண்டு.

ஜப்பானின் ஹிகன்பனாவும் அப்படித்தான். அதற்கும் பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி. எண்ணிக்கைகூட அதேதான், 33. சீனாவில் இதன் இரண்டு தொகுதிச் சகோதரி இருக்கிறது. அது விதை விடும். ஜப்பானில் பரவியிருப்பதோ விதை விடாத மூன்று தொகுதிச் செடி. பூ இருக்கும், தேன் இருக்கும், கருப்பு நிற அழகிப் பட்டாம்பூச்சிகள் வந்து உட்காரும். ஆனால் விதை வராது. கிழங்கு பக்கத்தில் ஒரு குட்டிக் கிழங்கு போடும். அது பிரிந்து இன்னொன்று போடும். அவ்வளவுதான் இனப்பெருக்கம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது.

ஒன்று, எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே செடியின் நகல்கள். மண்ணின் சூடு இறங்கும்போது எல்லாமே ஒரே மாதிரி விழிக்கின்றன. அதனால்தான் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ஒரே வாரத்தில் சிவக்கிறது.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. விதை இல்லாத செடி காற்றில் பறக்காது, பறவை வயிற்றில் போகாது. வெள்ளம் கரையை அறுத்துக் கிழங்கை அடித்துக்கொண்டு போனால் உண்டு. இல்லையென்றால் யாராவது ஒருவர் கிழங்கைத் தோண்டி, எடுத்துப் போய், இன்னோரிடத்தில் நடணும். மலைமேல் ஒரு வரிசை ஹிகன்பனா நின்றால், அங்கே ஒரு மனிதர் குனிந்து நட்டிருக்கிறார் என்று அர்த்தம். பெரியவர் ஒரு பார்வையில் "இங்க வயல் இருந்திருக்கு" என்று சொன்னது இதை வைத்துத்தான்.

எதற்காக நட்டார்கள்?

இப்போது கை கழுவிய விஷயத்துக்கு வரலாம். செடி முழுக்க விஷம். கிழங்கில் அதிகம். முக்கியமான நச்சுப்பொருளுக்கு லைகோரின் என்று பெயர். லைகோரிஸ் என்ற இந்தப் பேரினப் பெயரிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. இதே செடியில் கேலன்டமின் என்ற பொருளும் உண்டு. அல்சைமர் நோய்க்கு மருந்தாக இன்று கொடுக்கப்படுவது அதுதான்.

விஷத்தைத் தெரிந்தேதான் நட்டார்கள். வரப்பில் எலி வளை தோண்டினால் வயலின் நீர் வடிந்துவிடும். விஷக் கிழங்கு வரப்பு நெடுக இருந்தால் எலி வராது என்பது நம்பிக்கை. அகழெலிக்கும் இதையே சொல்வார்கள். அது கிழங்கு தின்னாது, மண்புழு தின்னும், அதனால் அதன் விஷயத்தில் விஷம் எவ்வளவு தூரம் உதவும் என்று கேட்கலாம். ஆனால் நெருக்கமாக அடர்ந்த கிழங்குக் கூட்டம் வரப்பு மண்ணைப் பிடித்துக்கொள்வதும் ஒரு பயன்.

கல்லறையிலும் அதே கணக்கு. எரிக்கும் வழக்கம் எங்கும் பரவுவதற்கு முன் கிராமங்களில் உடலைப் புதைத்தார்கள். மிருகங்கள் தோண்டிவிடக் கூடாதே என்று சுற்றிலும் இந்தக் கிழங்கை வைத்தார்கள். 'பிணப் பூ' என்ற பெயரின் பின்னால் இருப்பது இந்தக் காவல்தான். நம் ஆட்கள் வேலிக்குக் கள்ளி வைத்த மாதிரி.

மூன்றாவது பயன்தான் மிகப் பெரியது. பஞ்சம். கிழங்கில் மாவுச்சத்து ஏராளம். லைகோரின் நீரில் கரையக்கூடியது. கிழங்கை இடித்து அல்லது துருவி, நீரில் கரைத்து, மாவு அடியில் படிந்ததும் மேல்நீரைக் கொட்டி, மறுபடி நீர் ஊற்றி, மறுபடி கொட்டி, பலமுறை அலசினால் விஷம் போய் மாவு நிற்கும். கூகைக்கிழங்கு மாவு எடுக்கிற அதே முறைதான், ஆனால் இங்கே ஓரிரு அலசல் குறைந்தால் ஆபத்து. (தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) நெல் பொய்த்த வருஷங்களில் இதைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். விஷம் என்பதால் சாதாரண நாளில் யாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகள் பறித்துவந்தால் வீடு எரியும் என்று பயமுறுத்துவார்கள். அதனால் கிழங்கு அப்படியே இருக்கும். வயலின் ஓரத்திலேயே, பூட்டு இல்லாத ஒரு களஞ்சியம். திட்டுப் பெயர்கள்தான் பூட்டு. அந்தப் பெயர்களெல்லாம் இந்தக் கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை செய்த வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

பாடப்புத்தகத்தில் ஒரு நரி

ஜப்பானில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இந்தப் பூவோடு ஒரு கதை ஞாபகம் வரும். 'கோன் என்கிற நரி'. நீமி நான்கிச்சி எழுதி 1932-இல் 'அகாய் தோரி' என்ற சிறுவர் இதழில் வந்தது. நான்காம் வகுப்புப் பாடம். சேட்டைக்கார நரியொன்று, ஒருவன் பிடித்த மீனை விளையாட்டாக விட்டுவிடும். பிறகு அவன் அம்மாவின் சவ ஊர்வலத்தை ஒளிந்திருந்து பார்க்கும். கல்லறை நெடுக ஹிகன்பனா சிவப்பாகப் பூத்திருக்கும். ஊர்வலம் போன பின்னால் அந்தப் பூக்கள் மிதிபட்டுக் கிடக்கும். நான்கிச்சி காசநோயால் 1943-இல் இறந்தார், வயது 29. அவருடைய ஊரான ஹாண்டாவில், யாகாச்சி ஆற்றங்கரையில் உள்ளூர்க்காரர்கள் நட்டு வளர்த்த ஹிகன்பனா இப்போது சுமார் 30 லட்சம்.

அதைவிடப் பெரிய இடம் சைத்தாமா மாநிலத்தில் ஹிதாகா நகரிலுள்ள கின்சகுதா. கொமா ஆறு அங்கே சுருக்குப்பை வடிவத்தில் வளைந்து போகிறது. அந்த வளைவின் கரையில் சுமார் 50 லட்சம் பூ. மேலேயிருந்து வெள்ளம் அடித்துவந்த கிழங்குகள் வளைவில் தங்கிப் பெருகினவை, புதரை வெட்டிச் சுத்தம் செய்தபோதுதான் அவ்வளவு இருப்பது தெரிந்தது என்கிறார்கள். புதரை வெட்டின பிறகுதான் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள்.

புல் வெட்டுகிற கை

ஏனென்றால் நட்டால் மட்டும் போதாது. நான் முன்னே சொன்ன வருஷச் சுற்றை மறுபடி பாருங்கள். இதன் இலைக்குக் குளிர்கால வெயில் வேண்டும். கோடையில் ஆளுயரம் வளர்ந்த புல் அப்படியே நின்று காய்ந்தால், அந்த நிழலில் இலைக்கு வெயில் கிடைக்காது, கிழங்கு மெலியும், பூ குறையும். வயல் வைத்திருப்பவர்கள் கோடையில் இரண்டு மூன்று தடவை வரப்புப் புல்லை வெட்டுவார்கள். அப்போது ஹிகன்பனா பத்திரமாக மண்ணுக்குள் தூங்குகிறது. கடைசி வெட்டு ஹிகனுக்குச் சற்று முன்னால், செப்டம்பர் தொடக்கத்தில் விழணும். பிந்தினால் தண்டும் சேர்ந்து போய்விடும். அந்த வெட்டு முடிந்த சுத்தமான தரையில்தான் தண்டுகள் கிளம்புகின்றன. புகைப்படங்களில் நாம் பார்க்கும் அந்த அழகான வரப்பு, விவசாயியின் அரிவாளும் செடியின் தூக்கமும் சேர்ந்து உண்டாக்கியது.

இப்போது கிராமங்களில் வெட்டுகிற கை குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகள் நகரத்தில். வயல் தரிசு. கல்லறையைக்கூட மூடிவிட்டு, அஸ்தியை நகரத்துக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கு 'ஹகாஜிமாய்' என்று பெயர், கல்லறையை முடித்துவைத்தல். பெரியவரும் இரண்டு வருஷம் முன்பு அதைச் செய்தார். வருஷத்தில் இரண்டு தடவை ஆறு மணி நேரம் ரயிலில் போய்க் களை பிடுங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இப்போது அவருடைய அப்பா அம்மா, ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். அங்கே களை இல்லை. ஹிகன்பனாவும் இல்லை.

இன்னொரு பக்கம் தேதியும் நழுவுகிறது. ஜப்பானில் 2023, 2024 இரண்டு வருஷமும் கோடை வெப்பம் சாதனை அளவைத் தொட்டது. மண் ஆறவில்லை. பல இடங்களில் ஹிகன் வாரம் முடிந்து, அக்டோபர் பிறக்கும் நேரத்தில்தான் பூ முழுசாக வந்தது. கல்லறைக்குப் போய்த் திரும்பியவர்கள் வெறும் புல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சமபகலிரவு நாள் வானத்துக் கணக்கு, மாறாது. விடுமுறை சட்டம், மாறாது. பூ மட்டும் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. 'ஹிகன் வரைக்கும்தான்' என்ற பழமொழியை இப்போது சொல்லும்போது ஆட்கள் சிரிக்கிறார்கள்.

'சாவுப் பூ' என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கல்லறையில் நிற்கிறது, சவ ஊர்வலக் கதையில் வருகிறது, பெயரும் அப்படி. ஆனால் தானாக ஓரடி தள்ளி முளைக்கத் தெரியாத ஒரு செடி நாடு முழுக்கப் பரவியிருக்கிறது என்றால், அது எத்தனை பேர் எத்தனை தலைமுறையாக மடியில் கட்டிக்கொண்டு போய் நட்டது! பிள்ளைகளுக்குப் பஞ்சம் வந்தால் இருக்கட்டும், அப்பாவை நரி தோண்டாமல் இருக்கட்டும், வயலில் நீர் நிற்கட்டும் என்று நினைத்தவர்களின் வேலை அது. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. நட்ட வரிசை மட்டும் இருக்கிறது, வெட்ட ஆள் இருக்கும் வரைக்கும்.

அன்றைக்கு அந்தத் தோப்போரத்தில் பெரியவர் வரிசையில் விட்டுப்போன இடங்களை விரல் நீட்டி எண்ணினார். "இன்னும் பத்து வருஷம் தாங்காது" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "செப்டம்பர் ஆரம்பத்துல ஒரு தடவை புல் வெட்டினா போதும். பாதி நாள் வேலை" என்றார்.

இந்த வருஷம் இரண்டு அரிவாள் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம். அதற்கு முன்னால் அந்த நிலம் யாருடையது என்று ஊர் அலுவலகத்தில் கேட்கணும். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.